ரெண்டு தடமும் ஒரு கைநாட்டும்

ஏற்காட்டுல, ஒண்டிக்கடை முக்குல பட்டப்பகல்ல ஒரு காட்டுமாடு வந்து முடிவெட்டற கடை வாசல்ல நின்னுச்சுங்களே, ஒரு ஆளு பாதி சவரத்தோட, மூஞ்சியில சோப்பு நொரையோட சேலம் பஸ்சுல ஏறி உக்காந்துக்கிட்டானே, அந்த வருசமுங்க. வருசத்துக்கு நம்பர் சொல்ல எனக்கு வராது. மாடு வந்துட்டுப் போன மறுமாசம், ஏரிக்கு மேலாண்ட இருக்கற பழைய பங்களாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வந்துச்சு. கீழ வெச்சா மெசினு சூடேறிப் போகுமாம். மலையில வெச்சா ஏசி இல்லாமயே ஓடுமாம். வெள்ளக்காரன் தான் குளுகுளுன்னு இருக்கக் கட்டுன பங்களா, கடைசியில ஒரு இரும்புப் பொட்டி சொகமா இருக்கறதுக்கு ஆச்சு.

எனக்கு அங்க அட்டெண்டர் வேலை. கூட்டறது, தொடைக்கறது, காப்பி போட்டுக் குடுக்கறது. அதுக்கு முன்னால எஸ்டேட்டுல இருந்தேன். அங்க என்ற வேலை, தடம் பிரியற எடத்துல நிக்கறது. சிரிக்காதீங்க, நெசமா அதான் வேலை. காப்பிப் பழம் எடுக்கற ஆளுங்க கூடையத் தூக்கிக்கிட்டு மேல இருந்து வருவாங்க. பழம் அரைக்கற கொட்டாய்க்கு ரெண்டு தடம். ஒன்னு வண்டித் தடம், சுத்து. இன்னொன்னு குறுக்குத் தடம், செங்குத்தா எறங்கும். அத்தன பேரும் குறுக்குத் தடத்துல பூந்தா, போறவனும் வர்றவனும் முட்டிக்கிட்டு நிப்பாங்க. அதனால நான் நின்னு பிரிச்சு உடணும். நீ இப்பிடிப் போ, நீ அப்பிடிப் போன்னு.

நான் மொறை வெச்சு உடமாட்டேன். எந்தத் தடத்துல போனவன் வெறுங்கூடையோட வெரசாத் திரும்பறான்னு பாப்பேன். அங்க எத்தன பேரு இன்னும் திரும்பலைன்னு பாப்பேன். அப்பறந்தான் அடுத்த ஆளு. மழை பேஞ்சு குறுக்குத் தடம் வழுக்க ஆரம்பிச்சா, திரும்பி வர்றவன் முழங்கால்ல சேறு இருக்கும். ரெண்டு முழங்காலப் பாத்தாப் போதும், மூணாவது ஆள அங்க உடமாட்டேன். இதுக்குப் படிப்பு எதுக்குங்க? பூச்சியும் அட்டையும் கடிக்கறதப் பொறுத்துக்கிட்டு நிக்கத் தெரிஞ்சாப் போதும்.

அந்தக் கம்பெனிக்காரங்களும் கிட்டத்தட்ட இதே வேலையத்தான் செய்யறாங்கன்னு எனக்குச் சொன்னது ஒரு அம்மிணி. இஞ்சினியரு. கீழ்நாட்டுப் புள்ள, ஆடி மாசத்துல ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்கும். காப்பி டம்ளர ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டுத்தான் பேசும். என்னைய அண்ணான்னு கூப்புடும். ஒரு நா நான் மெசினு ரூமத் தொடைக்கறப்ப, சொவத்தோரமா ரெண்டு தடி வயரு போறதப் பாத்து, "ஏனுங்க அம்மிணி, ஒரு பொட்டிக்கு எதுக்கு ரெண்டு வயரு?"ன்னு கேட்டேன்.

"அந்தப் பொட்டியிலதான் அண்ணா எல்லாம் சேத்து வெச்சிருக்கு. டிஸ்க்கு. மெசினு கேக்கறப்பல்லாம் அங்க போய் எடுத்துக்கிட்டு வரணும். ஒரு வயரு அந்து போனா இன்னொன்னு வேணும்ல?"

"அந்து போறவரைக்கும் அது சும்மாவா கெடக்கும்?"

"அதான் அண்ணா எங்க வேலையே. ரெண்டையும் ஓட வெக்கணும். மெசினுக்குள்ள கெர்னல்னு ஒன்னு இருக்கு, மேஸ்திரி மாதிரி. எதை எந்த வயருல அனுப்பறதுன்னு அதுதான் சொல்லும். கேட்டது கைக்கு வந்து சேர்ற நேரத்தக் கொறைக்கணும்."

"அட, அப்ப உங்க மெசினுக்குள்ளயும் ஒருத்தன் நாளு பூராக் கால் கடுக்க நிக்கறானா? அவனுக்கு பீடி யாரு வாங்கிக் குடுக்கறது?"

அந்தப் புள்ள காப்பியச் சிந்தற அளவுக்குச் சிரிச்சுது.

இப்ப மேனேசருக்கு வரேன். அவரு பேர நான் சொல்லமாட்டேன். ஏன்னு அப்பறம் உங்களுக்கே தெரியும். அவருதான் அந்த மெசினு மேஸ்திரிக்கு ரோசனை எழுதிக் குடுத்தவரு. அவரு ரோசனை என்னன்னா, மொறைக்கு மொறை. இந்த வயருல ஒன்னு, அந்த வயருல ஒன்னு. தராசு மாதிரி நியாயமாம். அம்மிணி சொல்லுச்சு, "சார், ரெண்டு வயரும் ஒரே மாதிரி இருந்தா சரி. ஒன்னு மெதுவாயிட்டா? எத்தனை காத்திருக்கு, எவ்வளவு நேரமாகுதுன்னு பாத்து அனுப்பற மாதிரி நான் ஒன்னு எழுதியிருக்கேன். ஏத்திப் பாக்கலாமா?"

"நீ வாய்ப்பாடு படிக்கறப்பவே நான் இதை எழுதிட்டேன்மா. உன் சரக்கை என் மெசின்ல ஏத்தாதே" அப்பிடின்னாரு. அதோட முடிஞ்சுது.

ஆடி முடிஞ்சும் மஞ்சு உடல. ஏற்காட்டு மஞ்சு தெரியுமுல்லங்க, சன்னலத் தொறந்து வெச்சா வெத்தலப் பொட்டிக்குள்ள வந்து குந்திக்கும். மேனேசரு ரூமுல அவரு சர்டிபிகேட்டு, கோட்டு எல்லாத்துலயும் பூசணம் பூத்துப் போச்சு. மெசினு ரூமு சூட்டுக்குக் காயட்டும்னு அவரு இரும்பு பீரோவ அங்க கொண்டுக்கிட்டுப் போகச் சொன்னாரு. நானும் எஸ்டேட்டு ஆளுங்க ரெண்டு பேரும் தூக்குனோம். கல்யாண பீரோ, யானக்குட்டி கனம்.

"சொவத்தோட ஒட்டித் தள்ளுய்யா."

"சார், கீழ வயரு போவுதுங்க."

"உன்னைத் தள்ளச் சொன்னேன். பேசச் சொல்லல."

தள்ளுனேன். அந்த ஆளுங்க ரெண்டு பேரும் அதக் கேட்டாங்க. இப்ப சாட்சி சொல்ல அவங்க இல்ல, ஒருத்தரு செத்துப் போயிட்டாரு. இன்னொருத்தரு மகனோட கீழ எறங்கிப் போயிட்டாரு.

அன்னைலருந்து மெசினு நொண்ட ஆரம்பிச்சுது. நின்னு போகல, நொண்டுச்சு. அம்மிணி ஒரு பட்டனத் தட்டிட்டு கன்னத்துல கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மேனேசரு ரெண்டு நா பாத்தாரு, மூணு நா பாத்தாரு. பெங்களூரு ஹெட்டாபீசுலருந்து போன் மேல போன். அவரு ரோசனையில தப்புன்னு எப்பிடி ஒத்துக்குவாரு?

அந்தச் சமயத்துல செம்மநத்தத்துல எங்க நோம்பி. என்ற ஊட்டுக்காரிக்குப் பொறந்த ஊரு அது. ரெண்டு நா லீவு கேட்டேன். அவரு என்னிக்கும் இல்லாத சிரிப்பாச் சிரிச்சாரு.

"போய்ட்டு வாய்யா. இதுல கைநாட்டு வை. லீவு லெட்டர்."

இங்கிலீசுல என்னமோ டைப்பு அடிச்சிருந்துச்சு. இங்கிலீசா இருந்தா என்ன, தமிழா இருந்தா என்ன, எனக்கு ரெண்டும் ஒன்னுதான். நானும் சந்தோசமா மை தொட்டு அழுத்தி வெச்சேன். நல்லா உழுகட்டும்னு உருட்டி வெச்சேனுங்க. நோம்பியில ஆடுனேன், மச்சான்மாரோட கறி தின்னேன். அங்க என்னைய ஒரு காகிதத்துல கட்டி வெச்சிருக்கறது தெரியாம.

திரும்பி வந்தா மெசினு ரூமு வாசல்ல கையக் குறுக்க நீட்டிட்டாரு. "நீ இனி உள்ள வராதே. வராந்தாவோட நில்லு. மெசினப் பத்தி ஒரு வார்த்தை உன் வாயில வரக்கூடாது." எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. காப்பித் தோட்டத்துல களை வெட்ட வந்த பொம்பளைங்களும் பாத்தாங்க. அதுல என்ற ஊட்டுக்காரியும் இருந்தா.

அம்மிணிய ஓரமாக் கூப்பிட்டு, "நான் எதுல கைநாட்டு வெச்சேன்?"னு கேட்டேன். அது டம்ளரக் கீழ வெச்சுட்டுச் சொல்லுச்சு. "தொடைக்கறப்ப டிஸ்க் பொட்டியக் கீழ தட்டி உட்டுட்டேன், அதனாலதான் மெசினு மெதுவாப் போகுது, தப்பு என்மேலதான்னு எழுதியிருக்கு அண்ணா. பெங்களூருக்குக் காப்பி அனுப்பியாச்சு."

நான் அந்தப் பொட்டியத் தொட்டுத் தொடைச்சதே சாமி படத்தத் தொடைக்கற மாதிரி. தட்டி உட்டேனாமா!

ஊட்டுக்குப் போயித் திண்ணையில குந்திட்டேன். என்ற ஊட்டுக்காரி சொன்னா, "ஏனுங்க, போய் அந்தாளு சட்டையப் புடிக்கறீங்களா, இல்ல முனியப்பன்கிட்டப் போறீங்களா? ரெண்டுல ஒன்னு செய்யுங்க. இப்பிடிக் குந்தியிருக்காதீங்க." முனியப்பன்கிட்டத்தான் போனேன். குளிச்சிட்டு ஈரத்துணியோட, சூலத்துக்கு முன்னால கல்லு மேல ஒரு காச வெச்சு, உளியால ரெண்டா வெட்டிப் போட்டேன். கீழ்நாட்டுல இருக்கறவங்களுக்கு இது தெரியுமோ என்னமோ. காசு வெட்டிப் போட்டா கேஸ சாமிகிட்டக் குடுத்தாச்சுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் அந்தாளோட பேச்சில்ல, தண்ணி பொழக்கமில்ல, ஒரு வாய்த் தண்ணி குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பேரக்கூட வாயில எடுக்கக்கூடாது. கேஸ நாம கையில எடுத்தா சாமி உட்டுரும்.

ஆனா பாருங்க, அவருக்குக் காப்பி குடுக்கறதுதான் என்ற வேலையே. எப்பிடிப் பொழங்காம இருக்கறது? மேசையில வெச்சிட்டுத் திரும்பிக்குவேன். கையில குடுக்கமாட்டேன். எதாச்சும் சொல்லணும்னா சொவத்தப் பாத்துச் சொல்லுவேன். "சொவரே, போன் வந்திருக்குது." அவரு என்னையப் பைத்தியம்னு நெனச்சுக்கிட்டாரு. இன்னொன்னும் செஞ்சேன். ஒரே தூள்ல மூணாந் தண்ணி ஊத்தி எறக்குன டிக்காசன்தான் அவருக்கு. காப்பி வெளையற மலையில உக்காந்துக்கிட்டு மாசக்கணக்குல அந்தாளு சாயத் தண்ணி குடிச்சாரு. "இந்த ஊரு காப்பியில ஒன்னுமே இல்லையே"ம்பாரு. எனக்கு உள்ள தித்திக்கும்.

வராந்தாவக் கூட்டறப்ப சன்னல் வழியா உள்ள பாப்பேன். டிஸ்க் பொட்டி மேல ரெண்டு வெளக்கு, வயருக்கு ஒன்னு. முன்னெல்லாம் ரெண்டும் மின்மினி மாதிரி மாறி மாறி மினுக்கும். இப்ப ஒன்னு படபடன்னு அடிச்சிட்டு நிக்குது. இன்னொன்னு எரிஞ்சுக்கிட்டே இருக்குது, இருக்குது, அப்பறம் அணையுது. அது அணைஞ்சாத்தான் மத்தது மறுபடி அடிக்குது. தொடப்பத்தப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். குறுக்குத் தடம் வழுக்குது, மேஸ்திரி மொறைக்கு மொறை ஆள அங்கயே உட்டுக்கிட்டு இருக்கறான்! ரெண்டு கூடையில ஒன்னு சேத்துல கெடந்தா, இன்னொன்னு எத்தன வெரசா வந்து என்ன பிரயோசனம்? அந்த வயரு எங்க போவுதுன்னு பாத்தேன். பீரோவுக்கு அடியில போவுது.

சொன்னனான்னு கேக்கறீங்களா? சொல்லல. கேஸு முனியப்பன்கிட்ட இருக்குது. வாயவே தொறக்கக்கூடாதுன்னு மேனேசரே உத்தரவு போட்டிருக்காரு. அம்மிணி ஒரு நா கேட்டுச்சு, "அண்ணா, நீங்க தெனமும் பாக்கறீங்களே, எதாச்சும் வித்தியாசமாப் பட்டுச்சா?" எனக்கென்னங்க தெரியும் அம்மிணின்னுட்டேன். அந்தப் புள்ள தன் கணக்குலதான் தப்பு இருக்குதோன்னு எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டுச்சு. அந்தக் காகிதத்தையெல்லாம் அள்ளிக் குப்பையில போட்டவன் நான். அது ஒன்னுதான் என்ற மேல இருக்கற பாவம். மேனேசரு விசயத்துல எனக்குப் பாவமே கெடையாது.

அப்பறம் அந்த மெசின வாங்கற கம்பெனிக்காரங்க மூணு பேரு ஜீப்புல வந்தாங்க. நல்ல வெயிலு அன்னைக்கி. அதுல பெரியவரு ஒருத்தரு, வழுக்கத் தலை, பேசவே மாட்டாரு. மெசினு ரூமுல எல்லாரும் உக்காந்தாங்க. நான் தட்டுல காப்பியோட வாசப்படிக்கு வெளிய நின்னேன். மேனேசரு பட்டனத் தட்டுனாரு. காத்திருந்தாங்க. பெரியவரு வாட்சப் பாத்தாரு. மேனேசரு மறுபடி தட்டுனாரு. மறுபடி வாட்சு.

மேனேசரு தொண்டையக் கனைச்சுக்கிட்டு பைலத் தொறந்தாரு. "எங்க புரோகிராம்ல ஒன்னுமில்ல சார். இதோ நிக்கறானே, இவன் பெட்டியத் தட்டி விட்டுட்டான். படிக்காத ஜனம், என்ன செய்யறது? கைநாட்டு போட்டு ஒத்துக்கிட்டிருக்கான் பாருங்க"ன்னு அந்தக் காகிதத்த நீட்டுனாரு.

என்ற ரேகை. நான் உருட்டி உருட்டி வெச்ச ரேகை. அத மூணு பேரும் கை மாத்திக் கை மாத்திப் பாத்தாங்க.

முனியப்பா, இது நீ எனக்குக் குடுக்கற நேரம்னு நெனச்சேன். மேனேசரப் பாக்கல. பெரியவரப் பாத்துச் சொன்னேன், "ஐயா, அது லீவு சீட்டுன்னு சொல்லி வாங்குனதுங்க. அந்தப் பீரோவக் கொஞ்சம் நவுத்திப் பாருங்க."

"டேய், வெளிய போடா!"

"சொவரே, கொஞ்சம் சும்மா இரு"ன்னேன்.

அம்மிணி வாயப் பொத்திக்கிச்சு. பெரியவரு எந்திரிச்சாரு. கோட்டக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு முட்டி போட்டுக் குனிஞ்சு பாத்தாரு. கூட வந்தவங்க பீரோவ நவுத்துனாங்க. பீரோக் காலு வயரு மேல நின்னு, வயரு தோசையாட்டம் நசுங்கிக் கெடந்துச்சு.

"இதை யாரு இங்க வெக்கச் சொன்னது?"ன்னாரு.

அந்தப் பீரோவுல மேனேசரு பேரு பித்தளத் தகட்டுல அடிச்சிருந்துச்சுங்க.

அம்மிணிதான் சொல்லுச்சு. நசுங்குன வயருல போறது தப்பாப் போயிச் சேருமாம், மெசினு மறுக்கா மறுக்கா அனுப்புமாம், கடைசியில எப்பிடியோ போயிச் சேந்துருமாம். அதனால அந்துபோன கணக்குலயும் வராது. "வயருல தப்புன்னு மெசினு சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கும். அந்த வரியெல்லாம் தெரைக்கு வராம அடைச்சு வெச்சிருக்கு" அப்பிடின்னுச்சு. முன்ன ஒரு தடவ விருந்தாளிங்க வந்தப்ப தெரை அலங்கோலமா இருக்குதுன்னு மேனேசருதான் அடைச்சாராம். பெரியவரு தொறக்கச் சொன்னாரு. தொறந்தா, தெரை பூரா வரி வரியாக் கொட்டுது. மெசினு மாசக்கணக்கா அழுதுக்கிட்டு இருந்திருக்குது, இந்தாளு அது வாயில துணிய வெச்சு அடைச்சிருக்காரு. என்ற வாய அடைச்ச மாதிரியே.

மேனேசரு எந்திரிச்சு, "வேற வயரு மாத்திரலாம் சார், அஞ்சு நிமிசம்"னாரு.

"வேண்டாம்"னாரு பெரியவரு. "எங்க ஊர்லயும் வயரு நசுங்கும். இதே வயரோட ஓட்டிக் காட்டுங்க."

மேனேசரு ரோசனையால எப்பிடி ஓட்டறது? மொறைக்கு மொறைதானே. அம்மிணி மெதுவா, "நான் ஒன்னு எழுதி வெச்சிருக்கேன் சார்"னுச்சு. ஏத்துனாங்க. நான் வாசப்படியில நின்னு வெளக்கையே பாத்துக்கிட்டிருந்தேன். நல்ல வயரு வெளக்கு நெல்லு பொரியற மாதிரி பொரியுது. நசுங்குன வயருக்கு எப்பவாச்சும் ஒன்னு, தேறிடுச்சான்னு பாக்கறதுக்கு. அவ்வளவுதான். பெரியவரு வாட்சப் பாக்கறதுக்குள்ள எல்லாம் வந்துருச்சு. வாட்ச சட்டைக்கைக்குள்ள தள்ளிட்டு, என்ற தட்டுலருந்து தன் கையால காப்பி எடுத்துக்கிட்டாரு.

நான் மேனேசரப் பாத்தேன். நல்லாப் பாத்தேன். மூஞ்சி மஞ்சு புடிச்ச சுண்ணாம்புச் சொவரு மாதிரி இருந்துச்சு. களை வெட்டற பொம்பளைங்க சன்னலோரம் வந்து நின்னுட்டாங்க. என்ற ஊட்டுக்காரி அங்கருந்து, "ஏனுங்க, சொவரு என்னங்க சொல்லுது?"ன்னு சத்தமாக் கேட்டா. எல்லாருஞ் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்ப நான் இன்னும் வெச்சிருக்கறேன்.

ஆனா அந்தக் காகிதம் எனக்கு வரல. அந்தக் களேபரத்துல மேனேசரு அத மடிச்சு உள்பையில வெச்சுக்கிட்டாரு. பெரியவரு போனப்பறம் அம்மிணி போயிக் கேட்டுச்சு, "எங்க வெச்சேன்னு தெரியல"ன்னுட்டாராம். அந்த மாசமே அவர பெங்களூருக்குக் கூப்புட்டுக்கிட்டாங்க. அங்க பைலுல போன காப்பியும் அப்பிடியேதான் இருக்கும். அம்மிணி எழுதுனது பல ஊரு மெசினுக்குப் போச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க. கொஞ்ச வருசத்துல கம்பெனியும் கீழ எறங்கிருச்சு.

ரொம்ப வருசங் கழிச்சு ஒரு தடவ அந்தாள ஏரிக்கரையில பாத்தேன், பேரப் புள்ளைங்களோட வந்திருந்தாரு. நான் அப்ப பஜ்ஜிக் கடைக்குத் தண்ணி எடுத்து ஊத்திக்கிட்டிருந்தேன். மொளகா பஜ்ஜி தின்னு காரம் தலைக்கேறி, கண்ணுல தண்ணியோட எம்பக்கம் கைய நீட்டறாரு. "அட, நீயாய்யா? நல்லாருக்கியா? தண்ணி குடுய்யா." எங்கையில கொடம் நெறையத் தண்ணி. அவரு கண்ணு முன்னாலயே மரத்துக்குக் கீழ ஊத்திட்டுப் போனேன். கடைக்காரரு சோடா ஒடச்சுக் குடுத்தாரு, ஒன்னும் ஆகல. எனக்கு வெக்கமுமில்ல. வெட்டுன காச இன்னும் நான் எடுக்கல. அந்தாளு வந்து, இன்னது செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாத்தான் எடுக்க முடியும்.

நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைன்னு சொன்னதாலதான் இத்தனையும் சொன்னேன். நான் செத்தாலும் அந்த ரேகை சாகாதுங்க, பொட்டியத் தட்டி உட்டவன்னு சொல்லிக்கிட்டு எங்கயோ ஒரு பைலுக்குள்ள கெடக்கும். உங்களமாதிரி ஆளுங்க நாலு பேரு சேந்து காப்பி குடிக்கறப்ப இதச் சொல்லுங்க. வயர நசுக்குனது பீரோ, கைநாட்டு வெச்சது லீவுக்குன்னு சொல்லுங்க. காதுக்குக் காது போகட்டும், என்னைக்காச்சும் ஒரு நா அவரு ஊட்டு வாசல்ல போயி நிக்கட்டும்.